முதுகலைப் படிப்புக்கு எந்த நாடு

வெளிநாட்டில் முதுகலை படிக்க விரும்பும் மாணவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது நாட்டை. பல்கலைக்கழகம் அதற்கு அடுத்தது. பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். ஆனால் படிக்கும்போது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம், படித்து முடித்த பிறகு எத்தனை மாதம் தங்கி வேலை தேடலாம், கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப் போகலாமா, எந்த நாணயத்தில் சம்பாதித்துக் கல்விக் கடனை அடைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த நாட்டின் சட்டம். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களிலும் இந்த முடிவு பெரும்பாலும் வேறு விதமாகவே எடுக்கப்படுகிறது. முந்தின ஆண்டு மாணவர் போன நாடு, உறவினர் இருக்கும் நாடு, கன்சல்டன்சியில் முதலில் சொல்லப்பட்ட நாடு என்று ஏதோ ஒன்று முடிவாகிவிடுகிறது. கணக்கு பிறகுதான் போடப்படுகிறது. இந்த அத்தியாயம் கணக்கை முன்னால் வைக்கிறது. இதில் உள்ள கட்டணங்களும் விதிகளும் 2025-ஆம் ஆண்டின் இறுதி நிலையைக் காட்டுபவை. விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் அவற்றை மறுபடி பார்த்துக்கொள்வது கட்டாயம்.

பட்டத்தின் நீளம்

பணத்துக்கும் முன்பாக நாடுகளை வடிகட்டுவது மாணவர் கையில் இருக்கும் பட்டம். பி.இ., பி.டெக். நான்காண்டுப் படிப்பு. தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவருக்கும் காரியாபட்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் படித்தவருக்கும் ஆண்டுக் கணக்கில் எந்த நாட்டிலும் தடை இல்லை. பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. படித்தவர்களின் நிலை வேறு. தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையின் நான்காண்டு இளங்கலையை ஏற்கவில்லை. ஆகவே அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, மதுரைக் கல்லூரி, மேலூர் அரசுக் கலைக் கல்லூரி என எங்கே படித்தாலும் இளங்கலை மூன்றாண்டுதான். பள்ளியின் 12 ஆண்டுகளோடு சேர்த்தால் மொத்தம் 15 ஆண்டுக் கல்வி.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல 16 ஆண்டுக் கல்வியைக் கேட்கின்றன. கனடாவிலும் நான்காண்டு இளங்கலையை எதிர்பார்ப்பவை நிறைய. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் மூன்றாண்டுப் பட்டத்தைப் பொதுவாக ஏற்கின்றன. ஜெர்மனியில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் பார்க்கின்றன. பாடத்திட்டம் எவ்வளவு பொருந்துகிறது என்பதே அங்கே பெரிய கேள்வி. பி.காம். படித்தவர் தரவு அறிவியலுக்கு விண்ணப்பித்தால், கணிதமும் நிரலாக்கமும் எத்தனை பாடங்களில் வந்தன என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

மூன்றாண்டுப் பட்டதாரிக்கு உள்ளூரிலேயே ஒரு நல்ல வழி உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலோ அதன் இணைப்புக் கல்லூரிகளிலோ எம்.எஸ்சி. முடித்தால் 17 ஆண்டுக் கல்வி ஆகிவிடும். அமெரிக்கக் கதவும் திறக்கும். இரண்டாண்டு வீணாகிறதே என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். ஆராய்ச்சிக்குப் போக விரும்புபவருக்கு அது வீண் இல்லை. நல்ல எம்.எஸ்சி. மதிப்பெண்ணோடும் ஒரு ஆய்வுத் திட்ட அறிக்கையோடும் நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக உதவித்தொகையோ சம்பளமோ கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. அறிவியல் மாணவர்களிடம் இதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

அரியர் வைத்துப் பாஸ் செய்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் அதை மறைக்கக் கூடாது. செமஸ்டர்வாரியான மதிப்பெண் பட்டியல்களில் எல்லாம் தெரிந்துவிடும். எத்தனை அரியர் வரை ஏற்பார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கடனும் பிணையும்

இரண்டாவது வடிகட்டி பணம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படித்து முடித்து அங்கே வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், சென்னையிலோ பெங்களூரிலோ கிடைக்கும் சம்பளத்தில் இந்தக் கடனைக் கட்ட முடியுமா? இதற்கு 'முடியாது' என்ற பதில் வந்தால், அந்த நாட்டை அந்தச் செலவில் தேர்ந்தெடுக்கக் கூடாது. அங்கே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை நியாயமானதாகவே இருக்கலாம். இருந்தாலும் நம்பிக்கையின் மேல் வீட்டுப் பத்திரத்தை வைக்கக் கூடாது.

கணக்கு எளிது. 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுத் தவணை என்றால், ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் ஏறத்தாழ 1,378 ரூபாய் கட்ட வேண்டும். 15 லட்சக் கடனுக்கு மாதம் 20,670 ரூபாய். 40 லட்சத்துக்கு 55,100 ரூபாய். இத்துடன் முடியவில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 40 லட்சமும் தொடக்கத்திலேயே கைக்கு வந்து, தனிவட்டியாக இரண்டரை ஆண்டு ஓடினால் 11 லட்சம் சேர்ந்துவிடும். அப்போது அசல் 51 லட்சம், தவணை 70,000 ரூபாய்க்கு மேல். கடன் தவணை தவணையாக வழங்கப்படும்போது இந்தச் சுமை சற்றுக் குறையும். படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் அசல் ஏறாது; வீட்டில் ஒருவருக்கு நிலையான சம்பளம் இருந்தால் இதுவே சிறந்த வழி. சென்னையில் 60,000 ரூபாய் சம்பளத்தில் தொடங்கும் ஒருவரால் 20,000 ரூபாய்த் தவணையைச் சமாளிக்க முடியும். 70,000 ரூபாயை எந்த விதத்திலும் கட்ட முடியாது. நாடுகளை ஒப்பிடுவதற்கு இந்த ஒரு கணக்கைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.

பிணையமாக எதை வைப்பது என்பதில் மதுரைச் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நஞ்சையும் புஞ்சையுமாக ஐந்து ஏக்கர் இருக்கும். வங்கி அதைப் பிணையமாக ஏற்கத் தயங்கும். கடன் நின்றால் சொத்தை விரைவாக ஏலம் விட வங்கிகளுக்கு வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது என்பதே காரணம். வங்கி கேட்பது வீடு, அங்கீகாரம் பெற்ற வீட்டுமனை, வைப்புத்தொகை போன்றவை. கிராம நத்தத்தில் உள்ள வீட்டுக்குப் பட்டா பெயர் மாறாமல் தாத்தா பெயரிலேயே இருப்பதும், பாகப்பிரிவினை பத்திரப்பதிவு ஆகாமல் வாய்மொழியாகவே நிற்பதும் இங்கே சாதாரணம். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகிய நான்கும் ஒரே பெயரில் ஒத்துவர ஆறு மாதம்கூட ஆகலாம். விண்ணப்பம் போடுவதற்கு ஓராண்டு முன்பே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

வருமானச் சான்றும் அப்படித்தான். மல்லிகை போடும் விவசாயிக்கும் மாட்டுத்தாவணியில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவருக்கும் வருமானம் இருக்கும். வருமான வரிக் கணக்கு இருக்காது. இணைக் கடன்தாரரான பெற்றோரிடம் வங்கிகள் இரண்டு மூன்று ஆண்டுகளின் வரிக் கணக்கைக் கேட்கின்றன. பிள்ளை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே கணக்குத் தாக்கல் செய்யத் தொடங்கினால் கடைசி நேரத்தில் தனியார் நிதி நிறுவனங்களின் கூடுதல் வட்டிக்குப் போக வேண்டியிருக்காது. பிணையம் இல்லாமல் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக 7.5 லட்சம் வரையே தருகின்றன. பிரதமர் வித்யாலட்சுமித் திட்டம் உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமானது. வெளிநாட்டுப் படிப்புக்குப் பயன்படாது. இந்தத் திட்டத்தையும் வெளிநாட்டுக் கல்விக் கடனையும் குழப்பிக்கொண்டு நாளைக் கடத்தியவர்கள் பலர்.

சொந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி ஒரு வரியை முன்கூட்டியே வசூலிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு இது இல்லை. நாணய மதிப்பையும் மறக்கக் கூடாது. 2015-இல் ஒரு டாலர் 64 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இன்றைய மதிப்பில் கணக்கிடாமல் ஐந்து சதவீதம் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

நாடுகள் ஒவ்வொன்றாக

ஜெர்மனி: நடுத்தரக் குடும்பத்து மாணவருக்கு முதலில் பரிசீலிக்கத் தகுந்த நாடு இது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. நிர்வாகத்துக்கும் போக்குவரத்துக்குமாகப் பருவக் கட்டணம் மட்டும் உண்டு. விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ நகரங்கள் உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் வசூலிக்கிறது. முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று பொருள் அல்ல. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவை, அதாவது 12 லட்சம் ரூபாய்க்கு மேல், முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்டினால்தான் விசா. அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் அந்தப் பணமே திரும்பக் கைக்கு வரும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். மதிப்பெண் சான்றுகள் உண்மையானவையா என்று டெல்லியில் உள்ள மையம் சரிபார்த்துத் தருவது அது. கட்டணம் 18,000 ரூபாய். ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் கிடைக்கும்.

மதிப்பெண்ணை ஜெர்மானிய அளவுக்கு மாற்றும் சூத்திரத்தை மாணவரே போட்டுப் பார்க்கலாம். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 7.5 பெற்று, தேர்ச்சி அளவு 5 என்றால் விடை 2.5. நூற்றுக்கு 70 பெற்று, தேர்ச்சி 40 என்றாலும் அதே 2.5. அங்கே எண் குறைவாக இருந்தால் தரம் அதிகம். பல முதுகலைப் படிப்புகள் 2.5-க்கு மேல் போனவர்களை எடுப்பதில்லை.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். வேலைக்கான நேர்காணல் பெரும்பாலும் ஜெர்மனில் நடக்கும். இங்கிருந்து போனவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மொழியில் பி1 எனும் இடைநிலையையாவது இங்கேயே முடித்துவிட்டுப் போகிறவருக்கும், போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறவருக்கும் 18 மாத முடிவில் நிலைமை வெவ்வேறாக இருக்கும். இயந்திரவியல், ஆட்டோமொபைல், மின்னணுவியல் படித்தவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மொழி கற்க மனமில்லாதவர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

பிரிட்டன்: முதுகலை ஓராண்டில் முடியும்; மூன்றாண்டுப் பட்டம் போதும். கலை, வணிகவியல், ஊடகம், சட்டம், மேம்பாட்டியல் படிப்பவர்களுக்கு இயல்பாகப் பொருந்தும் நாடு. 2025 நவம்பர் நிலவரப்படி, கல்விக் கட்டணம் போக, லண்டனில் படிப்போர் மாதம் 1,529 பவுண்டும் வெளியே படிப்போர் 1,171 பவுண்டும் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். அந்தப் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும்; இடையில் ஒருநாள் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். மருத்துவச் சேவைக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. காசநோய் இல்லை என்ற சான்றும் வேண்டும்.

படிப்புக்குப் பின் தங்கும் காலம் இப்போது இரண்டாண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்ந்து 2027-இல் முடிப்பவருக்குப் புதிய விதிதான் பொருந்தும். அதன் பிறகு வேலை விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலையில் சேர்வோருக்கு 33,400. ஆராய்ச்சி அல்லாத, பாடவழி முதுகலையில் சேர்வோர் 2024 ஜனவரி முதல் மனைவி, கணவன், குழந்தைகளை உடன் அழைத்துப் போக முடியாது. திருமணமான பெண்கள் பலருக்கு இந்த ஒரு விதியே முடிவைத் தீர்மானிக்கும். அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தங்கும் காலத்தை நம்பி 35 லட்சம் கடன் வாங்குவது பிரிட்டனில் இப்போது ஆபத்தான கணக்கு. படிப்பை மட்டும் எண்ணி, உதவித்தொகையோடு போகிறவருக்கு மிக நல்ல நாடு.

அமெரிக்கா: கணினியியல், பொறியியல், உயிரியல் ஆராய்ச்சி ஆகியவற்றில் இதற்கு இணையான நாடு இல்லை. செலவிலும் அப்படித்தான். முதலாண்டில் வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். படிப்புக்குப் பின் 12 மாதம் வேலைப் பயிற்சி அனுமதி. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம். வணிக மேலாண்மையில் சேர்பவர் தன் படிப்பு இந்தப் பட்டியலில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டுவிட்டே கட்டணம் கட்ட வேண்டும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஒரு பல்கலைக்கழகத்தில் 12 மாதமும் மற்றொன்றில் 36 மாதமும் கிடைக்கும்.

அதற்குப் பின் வேலைக்கான எச்-1பி விசா. ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான். விண்ணப்பங்கள் அதைவிடப் பல மடங்கு வருவதால் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. ஒரு மாதத்தில் சட்டம் இப்படி மாறும் நாட்டில் 50 லட்சம் கடனோடு இறங்குவது எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஆராய்ச்சி உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் பணியால் கட்டணம் தள்ளுபடி ஆகும் இடம் கிடைத்தால் தயங்காமல் போகலாம்.

கனடா: 2024-க்கு முன் தமிழ்நாட்டில் கேட்ட கனடாக் கதைகளை அப்படியே நம்பக் கூடாது. மாணவர் எண்ணிக்கைக்கு 2024-இல் உச்சவரம்பு வந்தது. விரைவு விசாத் திட்டம் அந்த ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. காட்ட வேண்டிய தொகை 2025 செப்டம்பர் முதல் 22,895 கனடிய டாலர். ஆனால் இந்தக் கெடுபிடி முதுகலை மாணவர்களுக்குக் குறைவு. அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர்வோருக்கு 2026 ஜனவரி முதல் உச்சவரம்பிலிருந்து விலக்கு. ஓராண்டு முதுகலைக்கும் மூன்றாண்டு வேலை அனுமதி கிடைக்கலாம். ஆகவே கல்லூரி டிப்ளமோவுக்குப் போவதும் பல்கலைக்கழக முதுகலைக்குப் போவதும் கனடாவில் இன்று வெவ்வேறு விஷயங்கள். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்பவரிடம் ஆலோசனை கேட்பதில் பயன் இல்லை.

ஆஸ்திரேலியா: மாணவர் விசாக் கட்டணம் மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர்; விசா மறுக்கப்பட்டால் திரும்ப வராது. ஓராண்டுச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். இந்தியாவுடனான வணிக ஒப்பந்தத்தால் முதுகலை முடித்த இந்தியர்கள் மூன்றாண்டு வரை தங்கலாம். ஆனால் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது வயது 35-க்குள் இருக்க வேண்டும். சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போகும் செவிலியர்களும் ஆசிரியர்களும் இந்த வயது வரம்பைக் கவனிக்க வேண்டும்.

அயர்லாந்தில் ஓராண்டு முதுகலையும் அதன்பின் இரண்டாண்டுத் தங்கலும் உண்டு. வீட்டு வாடகை மிகக் கடுமை. பிரான்சும் சிங்கப்பூரும் ஜப்பானும் தத்தம் அரசு உதவித்தொகையோடு கிடைத்தால் சிறந்தவை. இத்தாலியைப் பற்றி மதுரையில் பேச்சு குறைவு, பேசப்பட வேண்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்குக் கட்டணம் மிகவும் குறைவதோடு, மாநில உதவித்தொகையும் கிடைக்கலாம். வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றையும் சொத்து விவரத்தையும் மொழிபெயர்த்து, சான்றளித்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் வேலை அதிகம். மிலானிலும் பொலோன்யாவிலும் தங்க அறை கிடைப்பது கடினம். இருந்தாலும் பிணையம் வைக்க எதுவும் இல்லாத, படிப்பில் கெட்டிக்காரரான மாணவருக்கு ஜெர்மனிக்கு அடுத்த இடம் இத்தாலிக்குத்தான்.

திரும்பி வந்தால் பட்டம் செல்லுமா

கல்லூரி ஆசிரியராகவோ அரசுப் பணியிலோ சேர நினைப்பவர் இதைப் போவதற்கு முன்பே பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஓராண்டு முதுகலையை இந்தியா ஏற்க 2022 ஜூலையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச் சான்று தருவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் தனி விதிமுறைகளை வெளியிட்டது. இணையவழியில் பாதி, நேரில் பாதி என்று நடக்கும் படிப்புகளிலும், உள்ளூர் முகவர் மையம் ஒன்றின் வழியாக நடக்கும் படிப்புகளிலும் சேர்வதற்கு முன் அந்த விதிமுறைகளை வாசிக்க வேண்டும். மருத்துவம், சட்டம், செவிலியம், பிசியோதெரபி போன்ற துறைகளில் பட்டம் மட்டும் போதாது. படித்த நாட்டிலேயே தொழில் செய்யவும் தனி உரிமம் வேண்டும். உரிமத் தேர்வின் விதியைப் படிக்காமல் முதுகலையில் சேர்ந்த பிசியோதெரபி மாணவர் கடைசியில் அங்கே உதவியாளர் வேலையோடு நிற்க நேரிடும்.

கன்சல்டன்சிகளின் ஆலோசனை

கல்லூரிச் சாலை தோறும் பலகை வைத்திருக்கும் கன்சல்டன்சிகளில் பெரும்பாலானவை மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. சேர்க்கைக்காகப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. இது சட்டவிரோதம் அல்ல. ஆனால் ஆலோசனையின் திசையை இதுவே முடிவு செய்கிறது. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவதில்லை. அதனால் 'ஜெர்மனி' என்று கேட்டுப் போகும் மாணவருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம் வாங்கும் தனியார் ஜெர்மன் நிறுவனம் ஒன்று கைகாட்டப்படுவது உண்டு. அங்கேயும் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது; நகரமும் பெர்லின்தான். கட்டணமில்லாக் கல்வி என்ற காரணம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

நிறுவனத்தைச் சரிபார்ப்பது கடினம் அல்ல. பிரிட்டனில் உரிமம் பெற்ற கல்வி நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அமைச்சகம் வெளியிடுகிறது. கனடாவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அங்கீகார எண் உண்டு. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவருக்கான படிப்புகளைப் பட்டியலிடும் கிரைகோஸ் பதிவேடு. ஜெர்மனியில் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டின் இணையதளத்தில் அரசு, தனியார் என்ற வேறுபாடு தெரியும். சேர்க்கைக் கடிதம் வந்ததும் அதைப் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கே அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். போலிச் சேர்க்கைக் கடிதங்களை நம்பிக் கனடா போய், படித்து முடித்த பிறகு நாடுகடத்தலை எதிர்நோக்கிய இந்திய மாணவர்களின் துயரம் 2023-இல் வெளிவந்தது. அவர்களில் பலர் தாங்கள் ஏமாற்றப்பட்டதையே பல ஆண்டுகள் அறியாமல் இருந்தவர்கள். மின்னஞ்சல் கணக்கும் கடவுச்சொல்லும் எப்போதும் மாணவர் கையிலேயே இருக்க வேண்டும்.

உதவித்தொகை நாட்டை மாற்றும்

உதவித்தொகையைக் கடைசியில் தேடுவது வழக்கம். முதலில் தேட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இந்தத் தொகை கிடைத்தால் மேலே சொன்ன கடன் கணக்கே மாறிவிடும். அமெரிக்காவும் பிரிட்டனும் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நலப் பிரிவில் விசாரிக்கலாம். தகுதியுள்ள மாணவர் இருந்தும் இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாத கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. கல்லூரி ஆசிரியர்கள் இதை வகுப்பில் எடுத்துச் சொன்னால் அது பெரிய உதவி.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர்கள், சீர்மரபினர், நாடோடி சமூகத்தினருக்கும் அதில் இடம் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம் என்பவை அடிப்படைத் தகுதிகள். பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பகுதி மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வைத்திருக்கும் டிஎன்சி என்ற சீர்மரபினர் சான்றிதழ் மாநில அரசுப் பயன்பாட்டுக்கானது. மத்திய அரசுத் திட்டங்களுக்கு டிஎன்டி என்ற சான்றிதழ் வேண்டும்.

எல்லாப் பிரிவினருக்குமானவை பிரிட்டனின் செவனிங், காமன்வெல்த், அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட் உதவித்தொகைகள். செவனிங்குக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். எராஸ்மஸ் முண்டஸில் இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிப்பதால் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே எழாது. 1892-இல் தொடங்கிய ஜே.என். டாட்டா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஊரிலிருந்து செய்ய வேண்டியவை

பாஸ்போர்ட்டுக்கு மதுரையிலேயே விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஆதாரிலும் முன்னெழுத்து வேறுபட்டிருந்தால் அதைச் சரிசெய்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக ஏறுவதால் வரும் குழப்பம் விசா வரை தொடரும். ஐஇஎல்டிஎஸ் தேர்வை மதுரையிலேயே எழுதலாம். டோஃபல், ஜிஆர்இ இரண்டையும் வீட்டிலிருந்தும் எழுத முடியும். டிரான்ஸ்கிரிப்ட் வாங்கத் தன்னாட்சிக் கல்லூரி மாணவர்கள் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும், காமராசர் பல்கலைக்கழகத்தின் மற்ற இணைப்புக் கல்லூரி மாணவர்கள் நாகமலை தாண்டிப் பல்கலை நகருக்கும் போக வேண்டும். ஐந்தாறு உறைகள் முத்திரையோடு ஒரே தடவையில் வாங்கிவைப்பது நல்லது. அமெரிக்க விசா நேர்காணலுக்குச் சென்னைப் பயணம் தவிர்க்க முடியாதது.

அமெரிக்காவில் ஆகஸ்டில் தொடங்கும் பருவத்துக்கு முந்தின டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும். ஜெர்மனியின் அக்டோபர்ப் பருவத்துக்குப் பொதுவான கடைசி நாள் ஜூலை 15 என்றாலும், வெளிநாட்டினருக்கு மார்ச் முதல் மே வரை முடித்துவிடும் படிப்புகள் ஏராளம். ஏபிஎஸ் சான்றிதழ் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பிரிட்டன் செப்டம்பருக்கும் ஜனவரிக்கும், ஆஸ்திரேலியா பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் மாணவர்களைச் சேர்க்கின்றன. இறுதியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே பட்டத்தின் நீளம், கடன் தவணை, தங்கும் காலம், மொழி ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, பெற்றோருடன் உட்கார்ந்து பேசி இரண்டு நாடுகளை மட்டும் முடிவு செய்துகொள்ளும் மாணவருக்கு இந்தத் தேதிகள் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.